மெல்வில்லின் கொப்பரை – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஹெர்மன் மெல்வில்லின் திமிங்கல வேட்டை நாவல் 'மோபி டிக்'கை இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் பாதியில் விட்டுவிட்டேன். விடுதியில் கதைசொல்லி இஷ்மேலும் ஈட்டி எறிபவன் குவீக்வெக்கும் ஒரே படுக்கையைப் பகிர்ந்துகொள்ளும் இடமெல்லாம் அருமை. கப்பல் கிளம்பியதும் திமிங்கல வகைகள், கொழுப்பு உரிப்பது, எண்ணெய் காய்ச்சுவது என்று பாடப்புத்தகம் ஆகிவிடுகிறது. இதையெல்லாம் வெட்டியிருந்தால் நல்ல நாவலாகியிருக்காதா? இன்னொன்று, இப்படி எழுதியவர் ஏன் பேனாவை வைத்துவிட்டுச் சுங்கத்துறை வேலைக்குப் போனார்?

கே.

அன்புள்ள கே.,

நானும் முதல் தடவை அங்கேதான் தரைதட்டி நின்றேன். திமிங்கலங்களை அச்சுப் புத்தக அளவுகளைப்போல ஃபோலியோ, ஆக்டேவோ என்று பிரிக்கும் 32ஆம் அத்தியாயம். மனிதர் பாதி கிண்டலாகத்தான் எழுதுகிறார் என்பது அப்போது பிடிபடவில்லை.

வெட்டலாம். ஒற்றைக்கால் கேப்டன் ஆகாப் வெள்ளைத் திமிங்கலத்தைத் துரத்தும் கதை மிஞ்சும், விறுவிறுப்பாகவும் இருக்கும். ஆனால் அந்தக் கப்பலில் யார் என்ன வேலை பார்த்தார்கள் என்பது போய்விடும். மெல்வில்லுக்கு அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். அப்பா கடனில் மூழ்கி 1832இல் இறந்தபோது அவருக்கு 12 வயது. படிப்பை விட்டு வங்கியில் எடுபிடி வேலை. 1841இல் திமிங்கல வேட்டைக் கப்பல். கப்பல்தான் என் யேல், என் ஹார்வர்ட் என்று இஷ்மேலைச் சொல்ல வைப்பது சும்மா இல்லை.

கூலி பேசும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் கப்பல்களில் சம்பளம் கிடையாது, லாபத்தில் பங்குதான். கப்பல் முதலாளிகளில் ஒருவரான பில்தாத், பைபிளைப் படித்தபடியே இஷ்மேலுக்கு 777இல் ஒரு பங்கு போதும் என்கிறார். சண்டை போட்டு 300இல் ஒன்று ஆகிறது. தண்ணீரில் மிதந்த ஒரு சொட்டுத் தாரைக் குறிபார்த்து ஈட்டி எறிந்து காட்டிய குவீக்வெக்குக்கு 90இல் ஒன்று.

சரி, 96ஆம் அத்தியாயத்துக்கு வாருங்கள். நடுக்கடலில், மரத்தாலான கப்பலின் மேல்தளத்தில் செங்கல் அடுப்பு கட்டி, இரண்டு பெரிய கொப்பரைகளில் கொழுப்பைக் காய்ச்சுகிறார்கள். விறகு முதலில் பற்றவைக்க மட்டும்தான். அப்புறம் எண்ணெய் வடிந்து மொறுமொறுத்துப்போன சக்கையையே அள்ளி அடுப்பில் போடுகிறார்கள். தன் உடம்பாலேயே தான் எரிகிறது திமிங்கலம். அந்த இரவில் சுக்கான் பிடித்திருக்கும் இஷ்மேல், தீயையே பார்த்துக் கண் செருகி, தன்னையறியாமல் பின்பக்கம் திரும்பிவிடுகிறான். விழித்தால் திசை புரியவில்லை. கப்பல் கவிழாமல் தப்பியது மயிரிழையில். வேலையின் விவரம் தெரிந்தவனால் மட்டுமே எழுத முடிகிற பயம் அது. ஆகாபின் வெறி என்ன என்பதையும் நான் அந்த அடுப்பிலிருந்துதான் புரிந்துகொண்டேன்.

(1851இல் லண்டன் பதிப்பில் பின்னுரை விடுபட்டுப்போனது. முடிவில் கப்பல் மூழ்கி எல்லோரும் செத்துவிட்டால் கதையை யார் சொல்வது என்று அங்கே விமர்சகர்கள் கேலி செய்தார்கள். இஷ்மேல் பிழைத்ததே அந்தப் பின்னுரையில்தான்!)

அடுத்தது சுங்கத்துறை. அதை ஒரு துறவுபோலச் சொல்வது வழக்கமாகிவிட்டது. வீட்டில் பணம் இல்லை, அவ்வளவுதான். நான் எழுத விரும்புவது விலைபோகாது என்று நண்பரும் நாவலாசிரியருமான ஹாதார்னுக்கு 1851லேயே கடிதம் எழுதியவர். 1866இலிருந்து 19 வருடம் நியூயார்க் துறைமுகத்தில் சோதகர், நாளுக்கு 4 டாலர். சேர்ந்த மறுவருடமே மூத்த மகன் மால்கம் துப்பாக்கிக் குண்டில் இறந்துபோனான், வயது 18. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கை வரவில்லை.

ஆனால் எழுத்தை அவர் நிறுத்தவில்லை. அந்த வேலையில் இருந்தபடியே, ஜெருசலேம் பயணத்தை வைத்துக் கிட்டத்தட்ட 18,000 வரிகளில் 'கிளாரல்' என்ற கவிதையை எழுதினார். 1876இல் மாமாவின் பணத்தில் அச்சானது. யாரும் சீந்தவில்லை. 1891இல் அவர் இறந்தபோது 'பில்லி பட்' என்ற குறுநாவல் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. 1924இல்தான் புத்தகமானது.

மூன்றாவது முறையும் சிக்கிக்கொண்டால் பில்லி பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் புத்தகம். கப்பல் உண்டு, திமிங்கல வேட்டை கிடையாது.