தண்ணீர் புகக் கூடாது, வியர்வை போக வேண்டும்

துணிப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்த நம் பத்தியாளர், ஆபத்தான வேலைக்கான உடைகள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: தொழிற்சாலைத் தீயணைப்புக் குழுவில் இருக்கிறேன். புதிதாகக் கொடுத்த உடையில் ‘நீர் புகாது, வியர்வை வெளியேறும்’ என்று போட்டிருக்கிறது. தண்ணீரே நுழையாத துணியில் வியர்வை மட்டும் எப்படிப் போகும்?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: வியர்வை துளியாகப் போவதில்லை, ஆவியாகப் போகிறது. சூட்சுமம் அதில்தான். உங்கள் கோட்டில் மூன்று அடுக்கு இருக்கும். வெளியே நோமெக்ஸ் போன்ற, எளிதில் தீப்பிடிக்காத துணி. உள்ளே, உடம்பை ஒட்டி, வெப்பத்தைத் தடுக்கும் தடித்த அடுக்கு. இரண்டுக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒட்டிய ஒரு துணி. பல உடைகளில் அந்தச் சவ்வு முழுக்க நுண்துளைகள்தான். நீராவி அதன் வழியே தாராளமாகப் போய்விடும். தண்ணீர்த் துளி அந்தத் துளையைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரியது. போதாததற்கு அந்தப் பொருளில் தண்ணீர் ஒட்டவும் ஒட்டாது.

பொருள் என்னவென்றால், நாம் ஒட்டாத தோசைக்கல்லில் பார்க்கும் அதே டெஃப்லான். அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் 1969இல் சூடாக்கிய டெஃப்லான் கம்பிகளை மெதுவாக இழுத்து நீட்டப் பார்த்தார். ஒவ்வொன்றாக அறுந்தது. பொறுமை போய் ஒன்றை வெடுக்கென்று இழுத்தார். அறுவதற்குப் பதிலாக அது எட்டு மடங்கு நீண்டுவிட்டது. நீண்டபின் அதில் சுமார் 70 சதவீதம் வெறும் காற்று! கோர்டெக்ஸ் என்ற நீர்புகாத் துணி வந்தது இப்படித்தான். ஆரம்பத்தில் உடம்பின் எண்ணெய்ப்பசை படிந்து கசிந்தது. பிறகு உட்பக்கம் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைப் பூசி அதைச் சரிசெய்தார்கள்.

இந்த வியர்வை விஷயத்தை வசதி சம்பந்தப்பட்டதாக மட்டும் நினைக்காதீர்கள். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் உடம்பை விட்டுப் போகும். ஆவியாகாமல் சட்டைக்குள் வழிந்துகொண்டே இருந்தால் அந்தக் குளிர்ச்சி கிடைக்காது. உடம்பு சூடேறும், இருதயம் திணறும். அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் தீயணைப்பு வீரர்களில் அதிகம் பேரைப் பலிவாங்குவது தீப்புண் அல்ல, திடீர் மாரடைப்புதான். கடும் உழைப்போடு இந்தச் சூடும் சேர்ந்துகொள்கிறது. தவிர, உடைக்குள் தேங்கிய ஈரம் தீயின் வெப்பத்தில் நீராவியாகித் தோலைச் சுட்டுவிடும்.

ஆனால் நம் ஊருக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆவியை வெளியே தள்ளுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஆவியழுத்த (காற்றிலுள்ள நீராவி தரும் அழுத்தம்) வித்தியாசம். குளிர்ந்த, உலர்ந்த நாட்டில் அந்த வித்தியாசம் பெரிது. 32 டிகிரி வெயிலும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் அது பாதிக்கும் கீழே போய்விடும். அப்போது எந்தச் சவ்வும் திணறும். உடையை நம்பி உள்ளேயே நிற்காதீர்கள். ஆள் மாற்றிக்கொள்ளுங்கள், வெளியே வந்ததும் கோட்டைத் திறந்து தண்ணீர் குடியுங்கள். குழுத் தலைவரிடம் இதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

கேள்வி: முழு ரப்பர் கோட் சவ்வு வைத்த உடையைவிட மலிவாயிற்றே, அது போதாதா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: தண்ணீரைத் தடுக்க மட்டும் என்றால், கொஞ்ச நேர வேலைக்கு, உடம்பை அதிகம் வருத்தாத வேலைக்குப் போதும். 1823இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் மெக்கின்டாஷ் இரண்டு துணிக்கு நடுவே ரப்பரை வைத்தபோதே தண்ணீரைத் தடுக்கும் கணக்கு முடிந்துவிட்டது. புழுக்கத்துக்குத்தான் வழியில்லை. இரண்டாம் உலகப்போரில் மான்செஸ்டரில் வென்டைல் என்ற துணியை உருவாக்கினார்கள். நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்தது. நனைந்தவுடன் நூல் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும், காய்ந்திருக்கும்போது ஆவி போகும். உறைகடலில் விழுந்த விமானி சில நிமிடத்துக்குப் பதில் 20 நிமிடம்வரை தாக்குப்பிடிக்க அது உதவியது. வெறும் பருத்தி செய்த வேலை இது. எனக்கு இன்றும் பிடித்த துணி அதுதான்.

கேள்வி: 2020இல் கோவிட் வார்டில் கவச உடைக்குள் குளித்ததுபோல் நனைந்தோம். அதையும் மூச்சுவிடும் துணியில் தைத்திருக்கக் கூடாதா?
– செவிலியர், தஞ்சாவூர்

பதில்: நீங்கள் பட்டபாடு எனக்குத் தெரியும், சகோதரி. அப்போது பரிசோதனையில் முதலில் பார்த்தது ரத்தம் ஊடுருவுகிறதா என்பதைத்தான். சிவப்பான செயற்கை ரத்தத்தைத் துணியின் ஒரு பக்கம் அழுத்தத்தோடு நிறுத்தி, மறுபக்கம் ஒரு பொட்டு தெரிகிறதா என்று பார்ப்போம். தையல் வழியாகக் கசியும் என்பதால் அதன்மேல் டேப் ஒட்ட வேண்டும். துளையே இல்லாத பாலித்தீன் படலம் ஒட்டிய துணி இதில் சுலபமாகத் தேறிவிடும். உள்ளே இருப்பவர்தான் வேகுவார்.

மாற்று இருக்கிறது. பாலித்தீனில் சுண்ணாம்புக்கல் தூள் கலந்து படலமாக்கி இழுத்தால், ஒவ்வொரு துகளைச் சுற்றியும் நுண்துளை திறக்கும். அதில் நீராவி போகும். இனி வாங்கும்போது ரத்தப் பரிசோதனைச் சான்றோடு நீராவி கடத்தும் அளவையும் கேட்கச் சொல்லுங்கள்: ஒரு சதுர மீட்டர், 24 மணி நேரம், எத்தனை கிராம் என்று. அந்த எண் இல்லாத உடையில் ஒரு மணி நேரத்துக்குமேல் யாரையும் வைக்கக் கூடாது. 2014 எபோலாவின்போது மேற்கு ஆப்பிரிக்க முகாம்களில் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் உள்ளே விட்டார்கள்.

கேள்வி: சவ்வு உடையை எப்படித் துவைப்பது?
– வாசகர், ஓசூர்

பதில்: ப்ளீச்சும் துணி மென்மையாக்கியும் வேண்டாம். துவைக்கவே கூடாது என்று ஒதுக்கி வைப்பதும் தவறு. அழுக்கும் எண்ணெயும் துளையை அடைக்கும். சாதாரணத் திரவச் சோப்பு, நன்றாக அலசல், நிழலில் உலர்த்தல். அப்புறம் சவ்வுள்ள அடுக்கைக் கையால் குழித்துப் பிடித்து ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றுங்கள். சில நிமிடத்தில் அடியில் ஈரம் தென்பட்டால் அந்த உடையைப் பணிக்கு அணியாதீர்கள், மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.