பிளக்கிலேயே கிடக்கும் லேப்டாப்: பேட்டரி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) இருந்துகொண்டு சென்னை நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். காலையில் சார்ஜரை மாட்டினால் ராத்திரிதான் கழற்றுவேன். லேப்டாப் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. நாலு மணி நேரம் நின்ற பேட்டரி இப்போது ஒன்றேகால் மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. 'தினமும் சுத்தமாக இறக்கிவிட்டு அப்புறம் முழுசாக ஏற்று' என்கிறார் மாமா. 'மாட்டியே வைம்மா, ஒன்றும் ஆகாது' என்கிறார் கடைக்காரர். யார் பேச்சைக் கேட்பது சார்?
— வாசகி, கோத்தகிரி

பதில்: மாமா சொல்வது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம். அந்த வகைக்கு அது பொருந்தும். உங்கள் லேப்டாப்பில் இருப்பது லித்தியம் அயான். சோனி நிறுவனம் 1991-இல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த வகை. இதைத் தினமும் பூஜ்யம் வரை இறக்கினால் ஆயுள்தான் குறையும். மாமாவின் மனம் நோகாமல் சொல்லி, அந்தப் பழக்கத்தை நிறுத்திவிடுங்கள்.

கடைக்காரர் சொல்வதில் பாதி சரி. நூறு சதவீதம் ஆனதும் சார்ஜ் ஏறுவது தானாக நின்றுவிடும். அதற்கென்றே உள்ளே ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது. அப்புறம் லேப்டாப் நேராக அடாப்டர் கரண்டில் ஓடும். 'அளவுக்கு மேல் ஏறி வெடித்துவிடுமோ' என்ற பயம் வேண்டாம். ஆனால் 'ஒன்றும் ஆகாது' என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பிளக்கில் இருப்பதால் பேட்டரி கெடுவதில்லை. மாதக்கணக்கில் நூறிலேயே நிற்பதால் கெடுகிறது, கூடவே சூடும் சேர்ந்தால் சீக்கிரமே கெடுகிறது.

பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு சிறு மின்கலமும் ஒரு செல். முழுக்க ஏறிய ஒரு லித்தியம் செல்லில் பொதுவாக 4.2 வோல்ட் இருக்கும். அந்த உச்சத்தில் உள்ளே இருக்கும் திரவம் மின்வாய்களோடு, அதாவது செல்லின் பிளஸ், மைனஸ் முனைகளோடு, மெல்ல மெல்ல வினைபுரிகிறது. மைனஸ் பக்க எதிர்மின்வாய் மேல் ஒரு படலம் தடித்துக்கொண்டே போகும். வேலை செய்ய வேண்டிய லித்தியம் அதில் மாட்டிக்கொள்ளும். மாட்டியது திரும்ப வராது. நீங்கள் லேப்டாப்பைத் தொடாவிட்டாலும் இது நடந்துகொண்டுதான் இருக்கும். பேட்டரித் துறையில் பரவலாக எடுத்துக்காட்டப்படும் கணக்கு ஒன்று உண்டு. 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜில் ஒரு வருடம் சும்மா வைத்த பேட்டரியில் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சுகிறது. அதே 25 டிகிரியில் நூறில் வைத்தால் 80. சூடு 40 டிகிரி ஆகி, சார்ஜும் நூறில் நின்றால் 65. மாடலுக்கு மாடல் எண் மாறும், ஆனால் போக்கு இதுதான்.

குளிர்ந்த ஊரில் இருக்கும் நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. சென்னைக்காரர் மே மாதம் முழுக்க 38 டிகிரியில் பேட்டரியை வேகவைக்கிறார். நாம் அந்த வசதியை வீட்டுக்குள்ளேயே தொலைத்துவிடுகிறோம். குன்னூரில் என் மேசைக்கு வரும் லேப்டாப்களைத் திறந்தால் ஃபேனில் கம்பளி நூலும் தூசியும் பந்தாகச் சுருண்டிருக்கும். கட்டிலில் ரஜாய்க்குள் உட்கார்ந்து மடியில் வைத்து மீட்டிங் பார்க்கிறார்கள், பக்கத்தில் ரூம் ஹீட்டர் எரிகிறது. வெளியே பனி விழுந்தாலும் அந்த லேப்டாப்பின் அடிப்பகுதி 40 டிகிரியைத் தாண்டிவிடும். தயவுசெய்து மேசையில் வையுங்கள். மேசை இல்லையென்றால் அடியில் ஒரு பலகை போதும், காற்றுத் துளை மூடாமல் இருந்தால் சரி. ஹீட்டரின் முகம் உங்கள் பக்கம் இருக்கட்டும், லேப்டாப் பக்கம் வேண்டாம்.

அடுத்தது முக்கியம். சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி வரம்பு வையுங்கள். அந்த அளவில் செல் சுமார் 4 வோல்ட்டில் இருக்கும். வித்தியாசம் சிறியதாகத் தெரியலாம், ஆனால் ஆயுள் கூடுவது அதில்தான். லெனோவாவில் வான்டேஜ் செயலிக்குள் கன்சர்வேஷன் மோடு என்று இருக்கும். மாடலைப் பொறுத்து 60-லோ 80-லோ நிறுத்தும். ஆசஸில் மைஆசஸ் செயலி, ஏசரில் கேர் சென்டர். டெல்லில் பவர் மேனேஜரிலோ பயாஸிலோ (லேப்டாப்பை ஆன் செய்யும்போதே நுழையும் அடிப்படை செட்டிங் திரை) 'பிரைமரிலி ஏசி யூஸ்' என்று தேடுங்கள். எச்பி பிசினஸ் மாடல்களில் பயாஸுக்குள் பேட்டரி ஹெல்த் மேனேஜர் இருக்கும். ஒருமுறை வைத்துவிட்டால் பிளக்கைக் கழற்றி மாட்டும் வேலையே இல்லை. நாள் முழுக்க மாட்டியே வைக்கலாம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. 80-ஐ வருடம் முழுக்கக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை வரும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மரம் சாய்ந்து லைன் அறுந்தால் எப்போது கரண்ட் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பைக்காராவில் 1932-இலேயே நீர்மின்சாரம் எடுத்த மலை இது, இத்தனை பவர்ஹவுஸ் இருந்தும் காட்டு மரங்களுக்கு நடுவே ஓடும் கம்பிக்கு மழைக்காலம் கஷ்டகாலம்தான். அந்த மாதங்களில் வரம்பை எடுத்துவிட்டு நூறு வரை ஏற்றுங்கள். கரண்ட் போனால் வேலையும் சம்பளமும் நிற்கக் கூடாது, பேட்டரி வாங்கியதே அதற்குத்தான். மூன்று மாதம் நூறில் இருந்ததால் வரும் தேய்மானம் தாங்கக்கூடியது, அதுவும் அது குளிர்காலம். ஜனவரியில் மறுபடி 80-க்குப் போய்விடுங்கள். கையோடு வைஃபை ரவுட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். லேப்டாப் உயிரோடு இருந்து ரவுட்டர் அணைந்துபோனால் மீட்டிங்கில் இருக்க முடியாது.

உங்கள் பேட்டரி இழந்தது திரும்ப வராது, அதை மறைக்க விரும்பவில்லை. எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, ஒரு சாய்வுக்கோடு, பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கில எழுத்தில் (powercfg /batteryreport) தட்டினால் ஓர் அறிக்கை உருவாகி, அது எங்கே சேமிக்கப்பட்டது என்றும் காட்டும். அதில் டிசைன் கெபாசிட்டி (புதிதில் இருக்க வேண்டிய கொள்ளளவு), ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது முழுக்க ஏறும் கொள்ளளவு) என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது முதலாவதில் பாதிக்கும் கீழே என்றால் புது பேட்டரிக்குப் பணம் ஒதுக்கலாம். எண் நன்றாக இருந்தும் 30 சதவீதத்தில் திடீரென்று அணைகிறது என்றால் சார்ஜ் சதவீதம் காட்டும் அளவுகாட்டி குழம்பியிருக்கலாம். அப்போது மட்டும் ஒருமுறை முழுக்க ஏற்றி, கிட்டத்தட்டக் காலியாகும்வரை ஓட்டி, மறுபடி நிறுத்தாமல் ஏற்றுங்கள். மாமாவின் வைத்தியம் இந்த ஓர் இடத்தில் பயன்படும்.

கேள்வி: என்னிடம் இருப்பது அரசு கொடுத்த பழைய லேப்டாப். வரம்பு வைக்கும் வசதி எதுவும் அதில் இல்லை. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு நேர் கரண்டில் ஓட்டலாமா அண்ணா?
— கல்லூரி மாணவர், கூடலூர்

பதில்: கழற்றக்கூடிய பேட்டரி என்றால் பல மாடல்களில் ஓடும் தம்பி. ஆனால் கூடலூரில் ஜூன், ஜூலை மழையில் கரண்ட் கண்ணடிக்கும் ஒவ்வொரு முறையும் லேப்டாப் சட்டென்று அணையும். பாதி எழுதிய ப்ராஜெக்ட் போகும், ஹார்ட் டிஸ்கும் கெடலாம். பேட்டரியைக் காப்பாற்றி டிஸ்கை இழப்பதில் லாபம் இல்லை. பேட்டரி உள்ளேயே இருக்கட்டும். சுமார் 80-இல் பிளக் சுவிட்சை அணைத்து, 40-ஐ ஒட்டி வரும்போது போடு. மறந்து நூறு ஆகிவிட்டால் கவலைப்படாதே, படிப்பைப் பார். ராத்திரி தூங்கும்போது மட்டும் மாட்டியபடி விடாதே.

கேள்வி: ஊட்டியில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். ரிசப்ஷன் லேப்டாப் சதா பிளக்கிலேயே இருக்கும். இப்போது டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு, மூடி சரியாக மூடவில்லை. ஆனால் நன்றாக ஓடுகிறது. சீசன் முடியும்வரை ஓட்டலாமா?
— வாசகர், உதகமண்டலம்

பதில்: கூடாது. இன்றே நிறுத்துங்கள். பேட்டரி உள்ளே வாயு சேர்ந்து உப்பியிருக்கிறது. சார்ஜரை எடுத்துவிட்டு அணைத்துவிடுங்கள், மறுபடி சார்ஜ் ஏற்றவே கூடாது. மூடியை அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றச் சொல்லும் வீடியோக்களை நம்பி யாரும் கை வைக்க வேண்டாம், நொடியில் தீப்பிடிக்கும். ஹீட்டர், அடுப்பு, திரைச்சீலை எதுவும் அருகில் இல்லாத இடத்தில் சிமெண்டுத் தரையிலோ கல்லிலோ வைத்து, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பேசுங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பையோடு போடவோ, தோட்டத்தில் சருகோடு எரிக்கவோ கூடாது. 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்யும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. புதிது வாங்கும் இடத்திலேயே கேட்டு ஒப்படையுங்கள்.

புது பேட்டரியில் மூன்று விஷயம் பாருங்கள். பழையதில் இருந்த பார்ட் நம்பர் அப்படியே இருக்க வேண்டும். பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தைச் சொல்லும் வாட்-மணி (Wh) அளவு பொருந்த வேண்டும். தயாரித்த தேதி பழசாக இருக்கக் கூடாது, அலமாரியில் கிடந்தாலும் லித்தியம் வயதாகும். பாதி விலையில் பெயரில்லாத பேட்டரி தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், விருந்தினர் தூங்கும் வீடு அது.

இன்னொன்று, ஊட்டிக்காரர்களுக்கு மட்டும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ராத்திரி லேப்டாப்பைக் காரில் விடாதீர்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்த செல்லில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஆகும். தவறிப்போய் விட்டுவிட்டால், வீட்டுக்குள் கொண்டுவந்து பையைத் திறக்காமலேயே ஒரு மணி நேரமாவது வையுங்கள். உள்ளே நீர் பூக்காமல் இருக்கும். அதற்கப்புறம் சார்ஜர் மாட்டலாம்.