மாட்டுக்காக வேகத்தைக் குறைத்த தேசம்

கேள்வி: நெதர்லாந்தில் மாட்டுச் சாணத்தை மாசு என்று அரசே சொல்கிறதாம். விவசாயிகள் டிராக்டரில் வந்து நெடுஞ்சாலையை மறித்தார்களாம். நாம் கும்பிடும் சாணத்தை மாசு என்கிற அதிகாரிகளை என்ன செய்வது? (ஒரு வாசகர், பவானி)

பதில்: அதிகாரிகளை என்ன செய்வது என்று என்னிடம் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். எனக்கு அக்கறை சாணத்தில்தான்.

சாணம் தனியாகக் கிடந்தால் பெரிய வம்பில்லை. மூத்திரம் தனியாகப் போனாலும் அப்படித்தான். மூத்திரத்தில் யூரியா இருக்கிறது. அதை உடைக்கும் நொதி சாணத்தில் இருக்கிறது. இரண்டும் கலந்தால் அம்மோனியா கிளம்பும். மேய்கிற மாடு ஒன்றை இங்கே விட்டால் இன்னொன்றை அங்கே விடும். நெதர்லாந்துத் தொழுவத்தில் இடுக்கு விட்ட கான்கிரீட் தரை வழியாக இரண்டும் ஒரே குழிக்குள் விழுகின்றன. தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாத அந்த நாட்டில் மாடு கிட்டத்தட்ட 40 லட்சம், பன்றி சுமார் ஒரு கோடி, கோழி ஏறக்குறைய 10 கோடி. இத்தனை வயிற்றுக்கும் அங்கே விளைவது போதாது. பிரேசில் சோயா கப்பலில் வந்து இறங்குகிறது. பாலும் சீஸும் இறைச்சியும் வெளிநாட்டுக்குப் போகின்றன. சாணம் மட்டும் உள்ளூரிலேயே தங்கிவிடுகிறது.

அம்மோனியாவில் இருப்பது நைட்ரஜன். கார் புகையிலும் கட்டுமான இயந்திரங்களின் புகையிலும் அது உண்டு. காற்றில் போன அம்மோனியா காட்டில் இறங்குகிறது. மண் புளிக்கிறது, சுண்ணாம்புச் சத்து கரைந்து ஓடுகிறது, நத்தை குறைகிறது. நத்தை ஓட்டில் சுண்ணாம்பு தேடுவது பட்டாணிக் குருவி. அந்த நாட்டின் வேலுவே காட்டில் அதன் குஞ்சுகளுக்குக் கூட்டிலேயே கால் எலும்பு முறிந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். கும்பிடுகிறவர்கள் அந்தக் குஞ்சுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போடலாம்.

இனி நான் சொல்ல விரும்பிய கதை. 2019 மே 29 அன்று அந்த நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம், ‘நைட்ரஜனைப் பின்னால் குறைத்துக்கொள்கிறோம், இப்போது அனுமதி கொடுங்கள்’ என்ற அரசுத் திட்டத்தைத் தூக்கிக் கடாசியது. சுமார் 18,000 கட்டுமான வேலைகள் அப்படியே நின்றன. வீடு கட்ட வேண்டுமானால் வேறெங்காவது நைட்ரஜனைக் குறைக்க வேண்டும். மாட்டைத் தொட்டால் டிராக்டர் வரும். பிரதமர் மார்க் ருட்டே காரைத் தொட்டார். 2020 மார்ச் முதல் நெடுஞ்சாலைகளில் பகல் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டராகக் குறைந்தது. ‘கேடுகெட்ட நடவடிக்கை’ என்று அவரே அதைத் திட்டிக்கொண்டார்.

நம் ஊரில் மாடு நெடுஞ்சாலையின் நடுவில் படுத்து அசைபோட்டு வண்டிகளின் வேகத்தைக் குறைக்கும். அதற்கு நீதிமன்றமும் வேண்டாம், பிரதமரும் வேண்டாம். லாரிக்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்து தானே சுற்றிக்கொண்டு போவார். நெதர்லாந்து மாடோ தொழுவத்தை விட்டு ஓர் அடி வைக்காமலே நாடு முழுக்க அத்தனை கார்களையும் மெதுவாக்கிவிட்டது. ராத்திரி ஏழு மணிக்கு மேல் பழைய வேகத்தில் போகலாம் என்று சலுகை வேறு. மாடு தூங்கப் போய்விட்டது என்று நினைத்தார்களோ என்னவோ. நம் மாடு ராத்திரியிலும் அதே இடத்தில்தான் படுத்திருக்கும், விளக்கு இல்லாமல்.

டிராக்டருக்கு வருவோம். 2019 அக்டோபர் 1 அன்று அரசு இருக்கும் தி ஹேக் நகரை நோக்கி அவை கிளம்பிய காலையில் நாட்டின் போக்குவரத்து நெரிசல் மொத்தம் 1,000 கிலோமீட்டரைத் தாண்டியது. இரண்டு வாரத்தில் குரோனிங்கன் மாகாண அலுவலகத்தின் கதவை ஒரு டிராக்டர் இடித்துத் திறந்தது. ஃப்ரீஸ்லாந்து மாகாணம் பயந்துபோய்த் தன் விதிகளையே திரும்பப் பெற்றது. மாட்டுத் தீவனத்தில் புரதத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று விவசாய அமைச்சர் கரோலா ஸ்கௌட்டன் 2020-ல் சொல்லிப் பார்த்தார். மாட்டின் உடம்புக்கு ஆகாது என்று கூச்சல் எழுந்தது. ஆகஸ்டில் அதுவும் போயிற்று. 2022-ல் தேசியக் கொடியைத் தலைகீழாகக் கட்டினார்கள். அந்தக் கொடியைத் தலைகீழாகப் பிடித்தால் பழைய யூகோஸ்லாவியாவின் கொடி வரும். இல்லாத நாட்டின் கொடியின் கீழ் நின்றுதான் போராட்டம் நடந்தது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2015 ஏப்ரலில் ஐரோப்பாவில் பால் உற்பத்திக்கான உச்சவரம்பு நீங்கியபோது ‘பெரிசாக்கு, பெரிசாக்கு’ என்றுதான் எல்லோரும் ஊதிவிட்டார்கள். கடன் வாங்கித் தொழுவம் கட்டியவனிடம் மூன்றே வருடத்தில், சாணத்தில் சேரும் பாஸ்பேட்டுக்கு உரிமை வாங்கு என்றார்கள், அப்புறம் மாட்டைப் பாதியாக்கு என்றார்கள். என் சண்டை அவனோடு இல்லை. மாடு குறைந்தால் தீவனம் விற்கிறவருக்கு நஷ்டம், பால் பவுடர் ஆலைக்கு நஷ்டம், கடன் கொடுத்த வங்கிக்கு நஷ்டம். இவர்களில் ஒருவரும் டிராக்டர் ஓட்டி வருவதில்லை. டிராக்டரில் உட்கார்ந்து முகத்தைக் காட்டுகிறவன் விவசாயி. ‘சோறு போடுகிறவன்’ என்ற வசனத்தை நம் ஊரிலும் பெரும்பாலும் உரக்கடைக்காரரின் காலண்டரில்தான் படித்திருக்கிறேன்.

அந்த வங்கியைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அங்கே பண்ணைக் கடன்களில் பெரும்பகுதி ரபோபாங்க் கொடுத்தது. 1972-ல் இரண்டு கூட்டுறவு வங்கிக் கூட்டமைப்புகள் சேர்ந்து உருவானது அது. ஒன்று ரைஃபைசன் பெயரைத் தாங்கியது. வட்டிக்காரனிடமிருந்து குடியானவனைக் காக்க ஜெர்மன் கிராமத்தில் கடன் சங்கம் தொடங்கிய அதே ரைஃபைசன். சென்னை மாகாண அரசு அனுப்பி ஐரோப்பா போய்ப் பார்த்து வந்த ஃபிரெடரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் இரண்டு தொகுதிகளாக அறிக்கை எழுதி, ‘ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள்’ என்று முடித்தார். 1904-ல் திருவள்ளூர் பக்கம் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் பிறந்தது. ஊர்க்காரனை ஊர்க்காரனே நம்பிக் கொடுக்கிற சின்னக் கடன்தான் ரைஃபைசனின் யோசனை. அவர் பெயரைத் தாங்கிய வங்கி, குடியானவன் தலையில் லட்சக்கணக்கான யூரோவை ஏற்றிவிட்டு, சட்டம் வந்ததும் ‘அரசு பார்த்துக்கொள்ளட்டும்’ என்கிறது. கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி நான் எழுதினால் ‘மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்’ என்று எழுதுகிறவர்கள் இப்போதே பேனாவைத் திறந்திருப்பார்கள்.

அரசும் பார்த்துக்கொண்டது. பண்ணைகளை விலைக்கு வாங்கிக்கொள்ள 147 கோடி யூரோ திட்டத்துக்கு 2023 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் ஒப்புதல் தந்தது. அதற்கு முன்பே மார்ச்சில், கரோலின் வான் டெர் பிளாஸின் விவசாயிகள் கட்சி 12 மாகாணங்களிலும் முதலிடம் பிடித்திருந்தது. 2024-ல் அந்தக் கட்சிக்காரரே விவசாய அமைச்சர். கிராமப்புறங்களுக்கென்று ஒதுக்கிய 2,430 கோடி யூரோ நிதி காணாமல் போயிற்று. 2025 ஜனவரியில் தி ஹேக் நீதிமன்றம் 2030-க்குள் நைட்ரஜனைக் குறைத்தே ஆக வேண்டும், தவறினால் அரசு ஒரு கோடி யூரோ அபராதம் கட்ட வேண்டும் என்றது.

நிக்கல்சன் அறிக்கையின் முதல் தொகுதி என்னிடம் இருந்தது. இரவல் வாங்கிப் போன நண்பர் திருப்பித் தரவில்லை. அவர் இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்.