மண்டியில் கிழங்கு விலை ஏன் குறைகிறது?

கேள்வி: கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பும் உருளைக்கிழங்கைத் தோல் உரிந்திருக்கிறது, பச்சை தட்டியிருக்கிறது என்று சொல்லி விலையைக் குறைக்கிறார்கள். என்ன செய்யலாம்?
- வாசகர், கோத்தகிரி

பதில்: தோல் உரிவதற்குக் காரணம் அவசர அறுவடைதான். தோண்டுவதற்கு 10 முதல் 14 நாட்களுக்கு முன்பே செடியின் தண்டை அறுத்துவிடுங்கள். மண்ணுக்குள்ளேயே தோல் முற்றும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தும் தோல் நகரவில்லை என்றால் தோண்டலாம். ஈரமண்ணில் தோண்டவே வேண்டாம்.

பச்சை நிறம் வெளிச்சம் பட்டதால் வருவது. அதோடு சொலனின் என்ற நச்சும் கூடுகிறது. அதனால் பச்சைக் கிழங்கை மலிவு விலைக்குக்கூட விற்காதீர்கள், தனியே ஒதுக்குங்கள். கிழங்கில் வெளிச்சம் படாமலிருக்க, செடிக்கு மண் அணைப்பதில் கஞ்சத்தனம் கூடாது. தோண்டியதை நிழலில், காற்றோட்டமாக உலர்த்துங்கள். கழுவ வேண்டாம்; ஈரத்தோடு கட்டிய மூட்டையில் ஓர் அழுகல் கிழங்கு போதும், சுற்றியிருப்பவையும் கெடும்.

வெட்டுப்பட்டது, அழுகல், முளைவிட்டது ஆகியவற்றை முதலில் கழித்துவிட்டு, பிறகு பெரியது, நடுத்தரம், பொடி எனப் பிரியுங்கள். மேலே பெரியதும் அடியில் பொடியும் வைத்தால் கொட்டிப் பார்க்கும் வியாபாரி மொத்தத்தையும் பொடி விலைக்குத்தான் கேட்பார். 45 கிலோ சணல் மூட்டையைத் தளர்வில்லாமல் தைத்து, தூக்கி எறியாமல் இறக்குங்கள். அடிபட்ட கிழங்கின் உட்புறம் ஓரிரு நாளில் கறுத்துவிடும்.