பி.எக்ஸ். பிறந்த கதை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம் 1982 முதல் 1994 வரை தயாரித்த பி.எக்ஸ். என்னும் ஐந்து கதவுக் குடும்பக் காரின் வடிவமைப்பைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பி.எக்ஸ். உண்மையிலேயே சிட்ரோயன் காரா? பெஜோ காரின் மீது சிட்ரோயன் சின்னத்தைப் பொருத்தி விற்றார்கள் என்று சிலர் சொல்கிறார்களே?

பதில்: அப்படி ஐயப்படுவதற்கு அந்தக் காலத்தில் போதிய காரணம் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் சிட்ரோயன் தன் சக்திக்கு மீறிய சுமைகளை ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டிருந்தது. ஜி.எஸ். என்ற நடுத்தரக் காரையும் எஸ்.எம். என்ற சொகுசுக் காரையும் 1970-இல் அடுத்தடுத்து வெளியிட்டது, இத்தாலியின் மசராட்டி நிறுவனத்தை வாங்கி வைத்திருந்தது, ஜெர்மனியின் என்.எஸ்.யு. நிறுவனத்தோடு சேர்ந்து சுழல் பிஸ்டன் எஞ்சின் தயாரிக்கவும் பணத்தைக் கொட்டியது. 1973-இன் எண்ணெய் நெருக்கடி வந்ததும், பெட்ரோலை அதிகம் குடிக்கும் சுழல் எஞ்சினுக்கும் எஸ்.எம். காருக்கும் வாங்குவோர் அருகிப் போனார்கள். 1930-களின் நடுப்பகுதியிலிருந்து சிட்ரோயனைக் கையில் வைத்திருந்த டயர் நிறுவனமான மிஷலின் அதைக் கைகழுவ முன்வர, 1974-இல் உள்ளே நுழைந்த பெஜோ 1976-இல் பெரும்பான்மைப் பங்குகளைப் பெற்றுக்கொண்டது.

அதே 1976-இல் வந்த எல்.என். என்னும் சிறிய கார்தான் சிட்ரோயன் பிரியர்களை அச்சுறுத்தியது. அது பெஜோ 104-இன் குட்டைக் கூட்டுக்குள் சிட்ரோயனின் பழைய இரட்டைச் சிலிண்டர் எஞ்சினை வைத்து விற்கப்பட்ட வண்டி. இனி எல்லாமே இப்படித்தான் ஆகும் என்று பலரும் எண்ணியதில் வியப்பில்லை.

பி.எக்ஸ். அந்த வழியில் போகவில்லை. எஞ்சின்களும் கியர்பாக்ஸ்களும் பெஜோ-சிட்ரோயன் குழுமத்தின் பொதுச் சொத்து என்பது உண்மைதான். தொடக்க நிலை மாடலில் இருந்த 1360 சி.சி. எஞ்சின், பெஜோவும் ரெனோவும் டூவ்ரென் ஆலையில் கூட்டாகத் தயாரித்தது. கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டியிலேயே அமைந்திருக்க, எஞ்சின் முழுவதும் பின்பக்கமாகப் பெரிதும் சாய்ந்து கிடக்கும். உயர்நிலை மாடலின் 1580 சி.சி. எஞ்சினோ புத்தம்புதியது, எக்ஸ்.யு. என்ற அந்தக் குடும்பம் பின்னர் பெஜோ கார்களிலும் பல ஆண்டுகள் ஓடியது. ஆனால் சஸ்பென்ஷனும் பிரேக்கும் முழுக்க முழுக்க சிட்ரோயனுடையவை. அடித்தளம் நகர்ந்த திசையையும் கவனிக்க வேண்டும். 1987-இல் வந்த பெஜோ 405 தன் அடித்தளத்தின் பெரும்பகுதியை பி.எக்ஸ்.-இடமிருந்து எடுத்துக்கொண்டு, அதில் வழக்கமான உலோக ஸ்பிரிங்குகளைப் பொருத்திக்கொண்டது. ஆகவே பெஜோவின் எஞ்சினைப் பெற்ற சிட்ரோயன் என்று பி.எக்ஸ்.-ஐச் சொல்வதே நியாயம்.

கேள்வி: இதன் உருவம் வேறொரு நிறுவனத்துக்காக வரையப்பட்டு, அவர்கள் வேண்டாம் என்றதால் சிட்ரோயனுக்கு வந்தது என்பது சரியா?

பதில்: பெரும்பாலும் சரி, ஆனால் முழுக்கதை இன்னும் சுவையானது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் பெர்டோனே வடிவமைப்பு நிறுவனத்தில் பணியாற்றிய மார்செல்லோ காந்தினி. லம்போர்கினி கவுன்டாக், லான்சியா ஸ்ட்ராட்டோஸ் ஆகியவற்றின் கூர்மையான கோடுகளும் அவர் கையில் பிறந்தவையே. பெர்டோனே 1977-இல் இங்கிலாந்தின் ரிலையன்ட் நிறுவனத்துக்காக, துருக்கியின் ஒட்டோசன் தயாரிப்பதற்கென்று, எஃப்.டபிள்யூ. 11 என்ற மாதிரிக் காரை உருவாக்கியது. அந்தத் திட்டம் உற்பத்திக்கு வரவில்லை. பிறகு 1979-இல் வோல்வோ 343-இன் அடித்தளத்தில் துந்த்ரா என்ற இரண்டு கதவு மாதிரியைக் காட்டினார்கள். வோல்வோவும் அதை ஏற்கவில்லை. இவ்விரண்டின் படங்களையும் பி.எக்ஸ்.-க்கு அருகில் வைத்துப் பார்த்தால், தட்டையான பக்கங்களும், பட்டையான பின்தூணும், அளவுகோல் வைத்து வெட்டியது போன்ற சக்கர வளைவும் ஒரே சிந்தனையின் மூன்று படிகள் என்பது தெரிந்துவிடும்.

இதனால் பி.எக்ஸ். பழைய சரக்கு என்று முடிவு கட்டுவது தவறு. சிட்ரோயனின் முந்தைய தலைமை வடிவமைப்பாளர் ரொபேர் ஓப்ரோன் ஜி.எஸ்., எஸ்.எம்., சி.எக்ஸ். ஆகியவற்றுக்கு நீர்த்துளி போன்ற வளைவுகளைத் தந்துவிட்டு 1975-இல் ரெனோவுக்குப் போய்விட்டார். அந்த வளைவுகளைத் தொடர்ந்திருந்தால் பி.எக்ஸ். ஜி.எஸ்.-இன் இன்னொரு பிரதியாகவே வந்திருக்கும். நேர்கோடுகளுக்குத் தாவியபோதும் பின்சக்கரத்தின் மேற்பகுதியை உடல் தகட்டால் மறைத்து, மூக்கைத் தாழ்த்தி, காற்றுத்தடை எண்ணை 0.34 அளவுக்குக் கொண்டுவந்தார்கள். உருவம் முற்றிலும் மாறியபோதும் பார்த்த மாத்திரத்தில் சிட்ரோயன் என்று அடையாளம் காண முடிந்தது என்பதே இந்த வேலையின் சிறப்பு என்று நான் கருதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1970-இல் வந்த ஜி.எஸ்.-க்குப் பின்புறம் முழுதாகத் திறக்கும் கதவு கிடையாது. 1979-இல் அதைத் திருத்தி ஜி.எஸ்.ஏ. ஆக்கியபோதுதான் அது வந்தது. பி.எக்ஸ்.-இல் அந்தக் கதவு முதல் நாளிலிருந்தே இருந்தது. 4.23 மீட்டர் நீளத்துக்குள் 2.65 மீட்டருக்குச் சற்று அதிகமான சக்கர இடைவெளியைக் கொடுத்திருந்ததால், பின்னிருக்கையில் கால் நீட்டவும் இடம் கிடைத்தது.

கேள்வி: ஸ்பிரிங்கே இல்லாமல் இந்தக் கார் எப்படி நிற்கிறது? ஓடும்போது பம்ப் நின்றுவிட்டால் பிரேக்கும் போய்விடாதா?

பதில்: அதிகம் பேர் கேட்டிருப்பது இதுதான், பி.எக்ஸ்.-இன் உயிர்நாடியும் இதுதான். சிட்ரோயனின் பொறியாளர் போல் மாஜேஸ் உருவாக்கிய இந்த ஏற்பாடு 1954-இல் ஒரு மாடலின் பின்சக்கரங்களில் மட்டும் சோதித்துப் பார்க்கப்பட்டு, 1955-இல் டி.எஸ். காரில் முழுமையாக வந்தது.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் உலோகக் கோளம் உண்டு. கோளத்தின் நடுவில் ஒரு ரப்பர் சவ்வு; அதன் ஒரு பக்கம் அழுத்தி அடைக்கப்பட்ட நைட்ரஜன், மறுபக்கம் எண்ணெய். சக்கரம் மேட்டில் ஏறும்போது அதனோடு இணைந்த பிஸ்டன் எண்ணெயைக் கோளத்துக்குள் தள்ள, எண்ணெய் சவ்வை அழுத்த, நைட்ரஜன் சுருங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. ஆக, ஸ்பிரிங்கின் வேலையை வாயு செய்கிறது. கோளத்தின் கழுத்தில் உள்ள நுண்ணிய துளைகளும் மெல்லிய வால்வுகளும் எண்ணெயின் ஓட்டத்தைத் தடுத்து நிதானப்படுத்துவதால், ஷாக் அப்சார்பரின் வேலையும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இரும்புச் சுருளிலிருந்து இது வேறுபடும் இடம், பாரம் ஏறும்போது தெரியும். ஐந்து பேரும் மூட்டைகளும் ஏறினால் சாதாரணக் கார் பின்புறம் தாழ்ந்துவிடும். அதன் விறைப்போ மாறாது. பி.எக்ஸ்.-இல் உயரத்தைக் கண்காணிக்கும் வால்வு, வண்டி தாழ்ந்ததை உணர்ந்து கூடுதல் எண்ணெயை உள்ளே விடுகிறது. வண்டி பழைய உயரத்துக்கே எழும்புகிறது. உள்ளே இருக்கும் நைட்ரஜனின் அளவு மாறாமல் அழுத்தம் மட்டும் கூடியிருப்பதால், வாயு இன்னும் சிறிய இடத்துக்குள் ஒடுங்கி, பாரத்துக்கு ஏற்ப விறைப்பும் அதிகரிக்கிறது. காலி வண்டியில் மென்மை, நிறைந்த வண்டியில் உறுதி என்ற இரண்டையும் ஒரே அமைப்பு தானாகவே தருவதுதான், குடும்பக் காருக்கு இது பொருந்தி வந்ததன் காரணம். சஸ்பென்ஷனை இவ்வளவு சிக்கலாக்குவது பணக்காரர் காருக்கு மட்டுமே தகும் என்ற எண்ணத்தை நான் ஏற்பதில்லை. தனியாக ஓட்டுபவரைவிட, பாரத்தோடு போகும் குடும்பத்துக்குத்தான் இது அதிகம் உதவும்.

இருக்கைகளுக்கு இடையில் உள்ள நெம்புகோலால் உயரத்தை ஓட்டுநரே கூட்டவும் குறைக்கவும் முடியும். எஞ்சினை அணைத்துச் சில மணி நேரம் நிறுத்தி வைத்தால் அழுத்தம் கசிந்து வண்டி தாழ்ந்துபோகும். காலையில் எஞ்சினை இயக்கியதும் எழுந்து நிற்கும். இது பழுது அன்று, அதன் இயல்பு.

இனி பிரேக். எஞ்சினால் சுழலும் பம்ப் ஏறத்தாழ 145 முதல் 170 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டலத்தின் அழுத்தம்) வரையிலான அழுத்தத்தை ஒரு சேமிப்புக் கோளத்தில் தேக்கி வைக்கிறது. நான்கு சக்கரங்களிலும் உள்ள டிஸ்க் பிரேக்குகள் இந்த அழுத்தத்தாலேயே இயங்குகின்றன. பம்ப் நின்றால் எச்சரிக்கை விளக்கு எரியும். சேமிப்பில் உள்ள அழுத்தம் பலமுறை பிரேக் பிடித்து வண்டியை ஓரமாக நிறுத்தப் போதும். அழுத்தம் குறையும் நேரத்தில் சஸ்பென்ஷனுக்குப் போகும் வழியை அடைத்து, இருப்பதை முன்சக்கரப் பிரேக்குக்கு ஒதுக்கும் பாதுகாப்பு வால்வும் உண்டு. பின்சக்கரப் பிரேக்குக்கான அழுத்தம் பின் சஸ்பென்ஷனிலிருந்தே எடுக்கப்படுகிறது. பின்னால் பாரம் அதிகமென்றால் பின்பிரேக்கின் பிடியும் அதிகம். பாரம் குறைவென்றால் பிடியும் குறைவு. எவ்வளவு எளிமையான தீர்வு!

குறை இல்லாமல் இல்லை. ஜி.எஸ்.-இன் முன்புறத்தில் சக்கரத்தைத் தாங்கிய இரட்டைக் கைகளைக் கைவிட்டு, இடமும் செலவும் குறைவான மெக்பெர்சன் தூண் என்னும் சஸ்பென்ஷன் தூணை பி.எக்ஸ்.-இல் பொருத்தினார்கள். அத்தகைய தூண் பக்கவாட்டு விசையையும் தாங்க வேண்டியிருப்பதால் உராய்வு கூடுகிறது. சிறு மேடுபள்ளங்களில் ஜி.எஸ். காட்டிய மென்மை பி.எக்ஸ்.-இல் சற்றுக் குறைந்தது. குழுமத்தின் சிக்கனத்துக்குச் சிட்ரோயன் கொடுத்த விலை இது.

கேள்வி: மிகக் குறைந்த எடையுள்ள பி.எக்ஸ். 885 கிலோதான் என்று படித்தேன். பம்ப், குழாய், கோளம் எல்லாம் இருந்தும் அது எப்படிச் சாத்தியமாயிற்று?

பதில்: எடைக் குறைப்பு பல சிறு முடிவுகளின் கூட்டுத்தொகை. உடற்கூட்டை இயன்றவரை குறைந்த எண்ணிக்கையிலான உறுப்புகளால் அமைத்தார்கள். பானட், பின்கதவு, பம்பர்கள், பின்தூணின் மேல்மூடி ஆகியவற்றை இரும்புக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் வகைப் பொருள்களால் செய்தார்கள். எக்ஸ்.யு. பெட்ரோல் எஞ்சினின் பிளாக் என்னும் உடற்பகுதியும் அலுமினியம். முன் கண்ணாடிக்கு ஒற்றை வைப்பர் மட்டும் பொருத்தியதும் இதே சிந்தனையின் தொடர்ச்சிதான். விளைவாக 62 குதிரைத்திறன் எஞ்சினே வண்டியைத் தாராளமாக இழுத்தது, எரிபொருளும் மிஞ்சியது. 1983-இல் வந்த 1905 சி.சி. டீசல் மாடல் ஐரோப்பாவில் நல்ல பெயர் எடுத்ததற்கும் இந்தக் குறைந்த எடையே பாதிக் காரணம்.

இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தச் சில நொடிகள் போதும். இந்தப் பிளாஸ்டிக் உறுப்புகளுக்கான நாரிழை கலந்த பிசினோ அச்சிலேயே இறுகக் காத்திருக்க வேண்டும். ஆகவே லட்சக்கணக்கில் விற்கும் காரில் இதைச் செய்யத் துணிவு வேண்டும். மெல்லிய தகடுகளால் கதவு மூடும் ஓசை பலருக்கு வலுவற்றதாகத் தோன்றியது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் ஓசையை வைத்து வலிமையை அளப்பது சரியான அளவை அன்று.

கேள்வி: 1986-இல் டாஷ்போர்டை ஏன் மாற்றினார்கள்?

பதில்: முதல் பி.எக்ஸ்.-இல் வேகத்தைக் காட்ட முள் இல்லை. உருளையொன்று சுழன்று எண்ணைக் காட்டும். விளக்கு, வைப்பர், திரும்பும் திசையைக் காட்டும் இண்டிகேட்டர் ஆகியவற்றின் சுவிட்சுகள் ஸ்டியரிங்கின் இருபுறமும் இருந்த இரு கட்டைகளில் அமைந்திருந்தன. கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமலே விரலால் இயக்கலாம். ஆனால் வண்டி திரும்பி முடிந்ததும் இண்டிகேட்டர் விளக்கு தானாக அணையாது. பிற நிறுவனத்தாரின் கார்களிலிருந்து மாறி வருவோரை இது தயங்க வைத்ததால், வட்ட வடிவக் காட்டிகளையும் வழக்கமான நெம்புகளையும் கொண்டு வந்தார்கள். விற்பனை நோக்கில் சரியான முடிவு. என்றாலும் விரலெட்டும் தூரத்தில் எல்லாவற்றையும் வைத்த பழைய அமைப்பைத் திருத்தி வைத்திருக்கலாம், கைவிட்டிருக்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம்.

கேள்வி: பந்தயத்துக்காகவும் ஒரு பி.எக்ஸ். செய்யப்பட்டதா?

பதில்: ஆம். குரூப் பி என்ற ராலி பிரிவுக்காக 1986-இல் 4டி.சி. என்ற நான்கு சக்கர இயக்க மாடல் வந்தது. விதிப்படி 200 கார்கள் தேவைப்பட்டன. எஞ்சினை நெடுக்காக வைத்ததால் மூக்கு நீண்டு, முன்புறம் கனத்துவிட்டது. அதே ஆண்டின் விபத்துகளுக்குப் பின் அந்தப் பிரிவே நிறுத்தப்பட்டது. வேகத்தை விரும்பியோருக்கு உண்மையில் பயன்பட்டது 1987-இல் வந்த 160 குதிரைத்திறன் கொண்ட 16 வால்வு மாடல்தான்.

கேள்வி: ஐரோப்பாவில் பழைய பி.எக்ஸ். ஒன்றை வாங்க நினைப்பவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: முதலில் பச்சை நிற எண்ணெயைப் பாருங்கள். எல்.எச்.எம். என்ற இந்தக் கனிம எண்ணெயைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. சாதாரணப் பிரேக் எண்ணெயை யாரேனும் ஊற்றியிருந்தால் ரப்பர் உறுப்புகள் அனைத்தும் கெட்டிருக்கும். அடுத்து, எஞ்சின் ஓடும்போது வண்டியின் ஒவ்வொரு மூலையையும் கையால் அழுத்துங்கள். அமுங்கி எழுந்தால் நல்லது. கல்லைப் போல் அசையாதிருந்தால் கோளத்தில் நைட்ரஜன் போய்விட்டது என்று பொருள். கோளத்தை மாற்றுவது கடினமான வேலை அன்று; எனவே அதற்காக நல்ல வண்டியை ஒதுக்க வேண்டாம்.

பின்சக்கரக் கைகளின் பேரிங்குகளே அதிகக் கவலைக்குரியவை. அவை தேய்ந்தால் பின்சக்கரங்கள் மேற்புறம் உள்நோக்கிச் சாயும்; வண்டியின் பின்னால் சற்றுத் தள்ளி நின்று பார்த்தாலே கண்ணுக்குத் தெரியும். இரும்பு எண்ணெய்க் குழாய்கள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று அடியில் குனிந்து பாருங்கள். பானட்டும் பின்கதவும் துருப்பிடிக்காது என்பதால் வண்டி வெளியே பளிச்சென்று தோன்றினாலும், தரைத்தகடு வேறு கதை சொல்லக்கூடும். மொத்தம் ஏறத்தாழ 23 லட்சம் பி.எக்ஸ். கார்கள் தயாராயின, கோளம், பேரிங் போன்ற உறுப்புகள் பல, அடுத்து வந்த சிட்ரோயன்களோடும் பெஜோ 405-ஓடும் பொதுவானவை அல்லது நெருங்கிய உறவுள்ளவை. ஆகவே இயந்திர உறுப்புகள் கிடைப்பது எளிது, பி.எக்ஸ்.-க்கு மட்டுமே உரிய உள்புறப் பிளாஸ்டிக் பாகங்களும் விளிம்புப் பட்டைகளும் உடையாமல் இருக்கும் வண்டியையே தேர்ந்தெடுங்கள்.