கலர் பெரிதா, சீக்வென்ஸ் பெரிதா?

வணக்கம் சார். விடுமுறையில் ஆறு பேர் வீட்டில் உட்கார்ந்து போக்கர் ஆடினோம், டெக்சாஸ் ஹோல்டம். காசு வைக்கவில்லை. எனக்கு ஐந்தும் ஸ்பேடாக, அதாவது கலராகச் சேர்ந்தது. மச்சானுக்கு ஐந்திலிருந்து ஒன்பது வரை சீக்வென்ஸ். “மூணு சீட்டுல சீக்வென்ஸ்தானே பெருசு” என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டார். அது சரியா? பந்தயத்துக்கு வைக்கும் சிப்ஸ் வில்லைகளை வாங்காமல் ஆட வழி உண்டா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

மச்சான் அள்ளியதைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. மூணு சீட்டில் கலர் 1,096 விதமாக அமையும், சீக்வென்ஸ் 720 விதம்தான். அரிதாக வருவதுதான் பெரிது. ஐந்து சீட்டானால் கணக்கு தலைகீழ்: கலர் 5,108, சீக்வென்ஸ் 10,200. இன்னொன்றும் அவரிடம் சொல்லிவையுங்கள். மூணு சீட்டில் அசைக்க முடியாத மூன்று ஏஸ், போக்கரில் சீக்வென்ஸுக்கும் கீழே.

சிப்ஸுக்குக் கடைக்குப் போக வேண்டாம். கேரம் காய்களில் கறுப்பும் வெள்ளையும் 18. ஆளுக்கு 3, ஒரு காய்க்கு மதிப்பு 10. காய்ந்த மொச்சைக்கு 5, ஆளுக்கு 8. புளியங்கொட்டைக்கு 1, ஆளுக்கு 30. ஆக, தலைக்கு 100. (எங்கள் வீட்டில் மொச்சை மறுநாள் குழம்புக்குப் போய்விட்டது.) மிஞ்சிய சிவப்புக் காய் சீட்டுப் போடும் டீலருக்கு, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அது இடப்பக்கம் நகர வேண்டும். சிவப்புக்கு அடுத்தவர் ஒரு கொட்டை, அவருக்கு அடுத்தவர் இரண்டு, சீட்டைப் பார்க்கும் முன்பே போட்டுவிட வேண்டும்.

காசில்லாத ஆட்டத்தில் ஒரு தொல்லை உண்டு. யாரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலக மாட்டார்கள். புளியங்கொட்டைதானே என்று கடைசிவரை வந்து பார்ப்பார்கள். அப்புறம் நல்ல சீட்டு இருப்பதுபோல் மிரட்டும் ப்ளஃப் எங்கே எடுபடும்? அதனால் 100 தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுபடி கொட்டை கிடையாது என்று உட்காரும்போதே பேசிவிடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, சிவப்புக்கு அடுத்த இருவர் போடும் அந்த ஒன்று, இரண்டை இரட்டிப்பாக்குங்கள். தோற்றவர் எழுந்து எல்லோருக்கும் டீ போட வேண்டும்.

இப்படி ஆடத் தொடங்கிய பிறகுதான் எங்கள் பெரியப்பா மகன் முதன்முறையாக ஒரு ஜோடி ராணியைக் கவிழ்த்துப் போட்டார். எதிரே இருந்த என் மகள் கையில் ஒரு ஜோடிகூட இல்லை.