தூண்டில் குண்டில் சுருக்கம் விழுவது பற்றி

வணக்கம் ஐயா. வீட்டில் வார்க்கும் தூண்டில் காரீயக் குண்டுகள் சுருக்கம் விழுந்தும் ஓரங்கள் நிரம்பாமலும் வருவதாகக் கேட்டிருந்தீர்கள். காரீயம் 327 டிகிரி செல்சியசில் உருகிவிடுவதால் உடனே ஊற்றத் தோன்றும். ஆனால் குறை பெரும்பாலும் அச்சு குளிர்ந்திருப்பதில்தான் இருக்கிறது. அலுமினிய அச்சை முதலில் நன்றாகச் சூடேற்றி, தொடக்கத்தில் வார்க்கும் நான்கைந்து குண்டுகளைக் கழித்துவிட்டால், அடுத்து வருபவை கயிறு கோர்க்கும் துளை வரை நிரம்பி, வழவழப்பாக விழும். மெழுகுவர்த்திப் புகையை அச்சின் உட்புறத்தில் மெல்லிய கரியாகப் படியவிடுவதும் உதவும். ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்: அச்சைத் தண்ணீரில் தோய்த்து ஆற்றாதீர்கள், ஒரு துளி ஈரம் உருகிய காரீயத்தின் அடியில் சிக்கினாலும் நீராவியாக வெடித்து உலோகத்தை முகத்தில் தெறிக்கவிடும். குழந்தைகள் அண்டாத திறந்தவெளியில், இனி சமையலுக்கு எடுக்காத சட்டியில் உருக்குங்கள்.